எந்த முகம் இழுபடுகிறது?

கலிலியோ வீட்டுக்காவலில் இருந்தபடி எழுதி, 1638இல் ஹாலந்தின் லைடன் நகரில் அச்சான அவருடைய கடைசிப் பெரிய நூலில் ஒரு பளிங்குத் தூணின் கதை வருகிறது. பெரிய தூண் அது. அதைப் படுக்கவைத்து, இரு முனைகளுக்கும் அருகே ஒவ்வொரு கட்டையை அண்டக் கொடுத்திருந்தார்கள். தன் எடை தாளாமல் நடுவில் முறிந்துவிடுமோ என்று பயந்த ஒருவர், நடுவிலும் மூன்றாவதாக ஒரு கட்டையைச் செருகச் சொன்னார். நல்ல யோசனை என்றே எல்லோருக்கும் பட்டது. சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், புதிதாகச் செருகிய அந்த நடுக்கட்டைக்கு நேர் மேலே தூண் முறிந்திருந்தது. ஓரத்துக் கட்டைகளில் ஒன்று நாளடைவில் மக்கித் தாழ்ந்துவிட்டது. நடுக்கட்டை மட்டும் இறங்காமல் நின்றது. அதனால் தூணின் பாதி நீளம் பிடிமானமில்லாமல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. இன்றைய கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதில் வியப்பான ஒன்று தெரியும். இரு முனைகளில் தாங்கிய தூணின் நடுவில் ஏற்படும் வளைக்கும் வலுவும், நடுவில் மட்டும் தாங்கி இருபுறமும் தொங்கும் தூணின் நடுவில் ஏற்படும் வளைக்கும் வலுவும் அளவில் ஒன்றே. மாறியது திசை மட்டும்தான். முன்பு தூணின் அடிமுகம் இழுபட்டது, இப்போது மேல்முகம் இழுபட்டது. அதுவரை அமுக்கத்தில் மூடிக் கிடந்த ஏதோ ஒரு மேற்கீறல் இப்போது வாய் திறந்திருக்கலாம். உதவிக்கு வைத்த முட்டு சுமையைக் குறைக்கவே இல்லை. சுமை தாங்கும் முகத்தை மாற்றிவிட்டது.

உத்தரம், பீம், தளம், சன்ஷேடு என்று எந்தப் பெயரில் இருந்தாலும், குறுக்கே கிடந்து சுமக்கும் எதையும் புரிந்துகொள்ள முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: எந்த முகம் இழுபடுகிறது? எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு கம்பி, எத்தனை முட்டு என்ற கேள்விகள் அதற்குப் பிறகே வரவேண்டும். நம் வீடுகளில் பணம் போடுபவரும் வேலை செய்பவரும் பெரும்பாலும் அளவைப் பற்றியே பேசுகிறார்கள். பீமின் வலிமையோ, போட்ட பொருளின் அளவைவிட அது போய் உட்கார்ந்த இடத்தைத்தான் அதிகம் சார்ந்திருக்கிறது.

ஒரு நீள ரப்பரை எடுத்து, பக்கவாட்டில் செங்குத்தாக நெருக்கமான கோடுகளைப் பேனாவால் போட்டுவிட்டு, இரு முனைகளையும் பிடித்து நடு கீழே இறங்குமாறு வளைத்துப் பார்த்தால் மொத்த விஷயமும் கண்ணெதிரே தெரியும். கோடுகள் நேராகவே இருக்கும். ஆனால் மேலே ஒன்றையொன்று நெருங்கியும், கீழே விலகியும் போயிருக்கும். மேல்பகுதி சுருங்குகிறது, அடிப்பகுதி நீள்கிறது. இடையில் எங்கோ ஒரு மட்டத்தில் நீளமும் மாறுவதில்லை, விசையும் இல்லை. அதை நடுநிலை அச்சு என்கிறோம். எந்தச் சுமையையும் குறுக்கு உத்தரம் தாங்குவது இந்த ஒரே வழியில்தான்: மேலே தள்ளும் விசை, கீழே இழுக்கும் விசை, இரண்டுக்கும் இடையே உள்ள தூரம். விசை எவ்வளவு, தூரம் எவ்வளவு என்ற பெருக்கல்தான் சுமைக்கு ஈடுகொடுக்கிறது. வளையாமல் இந்த விசைகள் பிறக்காது. ஆகவே துளியும் வளையாத உத்தரம் என்று உலகில் ஒன்றும் இல்லை. கருங்கல் உத்தரமும் வளைகிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில். ஆழத்தின் அருமையும் இதிலிருந்தே வருகிறது. அகலத்தை இரட்டித்தால் வலிமையும் விறைப்பும் இரண்டு மடங்குதான். ஆழத்தை இரட்டித்தால் வலிமை நான்கு மடங்கு, விறைப்பு எட்டு மடங்கு. நடுவில் இருக்கும் பொருள் ஏறத்தாழ சும்மா இருப்பதால்தான் இரும்பு உத்தரத்தின் நடுவைச் செதுக்கி மெல்லியதாக்கி, மேலும் கீழும் மட்டும் பட்டையாக விடுகிறார்கள்.

இவ்வளவு எளிதாகத் தோன்றும் இந்தச் செய்தியைக் கண்டுபிடிக்க அறிஞர்களுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பிடித்தன என்பதைச் சொல்லாமல் விட முடியாது. கலிலியோவே இதில் தவறினார். சுவரில் பதித்து வெளியே நீட்டிய ஒரு உத்தரத்தை எடுத்துக்கொண்டு, அது அடிவிளிம்பை ஊன்றித் திரும்புகிறது, குறுக்கு வெட்டு முழுவதும் ஒரே சீராக இழுபடுகிறது என்று எண்ணினார். அமுக்கம் என்ற பாதியே அவர் படத்தில் இல்லை. விளைவாக, உத்தரத்தின் வலிமையை உண்மையைவிட மூன்று மடங்கு கூட்டிச் சொல்லிவிட்டார். ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது வலிமை என்ற விகிதத்தை மட்டும் சரியாகப் பிடித்திருந்தார். 1678இல் ராபர்ட் ஹூக், வளையும் பொருளின் வெளிப்புற இழைகள் நீள்கின்றன, உட்புற இழைகள் சுருங்குகின்றன என்று தெளிவாகவே எழுதினார். 1713இல் பிரான்சின் அந்துவான் பரான் விசைகளின் சரியான பங்கீட்டையே எழுதிவிட்டார், கவனிப்பாரில்லை. 1773இல் கூலோம் அதையே மீண்டும் தொட்டார். 1826இல் நவியேயின் பாடநூல் வந்த பிறகுதான் பொறியாளர் கையில் புழங்கும் கணக்காக அது மாறியது. பரானின் விடை அத்தனை காலம் தூங்கிக் கிடந்ததுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம். விடை தெரிந்திருந்தும், அது இல்லாமலேயே பாலங்களும் மாடிகளும் எழுந்துகொண்டிருந்தன.

எந்த முகம் இழுபடுகிறது என்பது இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம், பல பொருள்களுக்கு இரண்டு முகங்களும் சமம் அல்ல. கருங்கல்லை நசுக்குவது பெரும்பாடு. அதைப் பிளப்பதோ, வரிசையாகக் குழி போட்டு ஆப்பு அடிக்கத் தெரிந்த கல்தச்சருக்குக் கைவந்த வேலை. ஆப்பு செய்வது கல்லை இழுத்துப் பிரிப்பதுதான். கல்லின் இழுவலிமை அதன் அமுக்கவலிமையில் பத்தில் ஒரு பங்கு, பல கற்களில் அதற்கும் குறைவு. வார்ப்பிரும்பும் இதே குணம் கொண்டது. 1830 வாக்கில் மான்செஸ்டரில் ஈட்டன் ஹாட்கின்சன் வார்ப்பிரும்பு உத்தரங்களை முறித்து முறித்துச் சோதித்து, அடிப்பட்டையின் பரப்பு மேல்பட்டையைப் போல் ஆறு மடங்கு இருந்தால்தான் இரண்டும் ஒரே சமயத்தில் எல்லையைத் தொடும், பொருளும் வீணாகாது என்று காட்டினார். பார்வைக்கு அந்த உத்தரம் தலைகீழாக நிறுத்திய ஒன்று போலத்தான் இருக்கும். அதே எடை இரும்பை அதே அச்சில் வார்த்து, மேல்கீழாகப் புரட்டி வைத்தால் மிகக் குறைந்த சுமையிலேயே முறியும். அளவு மாறவில்லை, இடம்தான் மாறியது. வார்ப்பிரும்பை நீண்ட இடைவெளிக்கு நம்பியதன் விலையை 1847 மே மாதத்தில் செஸ்டர் அருகே டீ ஆற்றுப் பாலம் காட்டியது. ராபர்ட் ஸ்டீபன்சன் வடிவமைத்த அந்தப் பாலத்தின் வார்ப்பிரும்பு உத்தரம் ரயிலோடு முறிந்து விழுந்ததில் 5 பேர் இறந்தார்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கல் இழுவிசைக்கு இவ்வளவு நோஞ்சான் என்றால், கம்பியும் இல்லாமல் சிமெண்டும் இல்லாமல் நம் கோயில் மண்டபங்கள் ஆயிரம் ஆண்டுகளாக எப்படி நிற்கின்றன? அவை நிற்பது கல்லின் பலவீனத்தை அறிந்து கட்டப்பட்டதால்தான். மண்டபத்துக்குள் நுழைந்தால் தூண்கள் காடுபோல் நெருங்கி நிற்பதற்கு அழகு மட்டும் காரணம் அல்ல. கல் உத்தரம் தாண்டக்கூடிய தூரம் சில மீட்டர்கள்தான். தூணின் உச்சியில் இருபுறமும் கைநீட்டி நிற்கும் போதிகையைக் கவனியுங்கள். ஒரே சீரான சுமையில் வளைக்கும் வலு நீளத்தின் வர்க்கமாக ஏறுகிறது. மூன்று மீட்டர் இடைவெளியில் இரு பக்கப் போதிகைகளும் ஆளுக்கு முப்பது சென்டிமீட்டர் உள்ளே வந்து உண்மையாகவே தாங்கினால், மிச்சமிருக்கும் தூரம் 2.4 மீட்டர், நடுவில் கல்லை இழுக்கும் விசை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது. மலர்மொக்கும் வளைவுமாகச் செதுக்கிய அந்தக் கல் துண்டு, அடிமுகத்து இழுவிசையைக் குறைக்கும் கருவி. கோயில்கள் என் வாதத்துக்கு எதிர்ச்சான்று அல்ல, மிகப் பழைய சான்று.

கான்கிரீட் செயற்கைக் கல். கல்லின் குணம் முழுவதும் அதற்கும் உண்டு. எம் 20 என்று நாம் சொல்லும் கலவை, சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அமுக்கத்தைத் தாங்கும் என்று பெயர் பெற்றது. வளைவில் இழுபடும்போது 3 நியூட்டன் அளவிலேயே விரிசல் விடும். 415 கிரேடு கம்பியோ அதே பரப்பில் 415 நியூட்டன் வரை இழுபட்டும் மீளும். ஆகவே இழுபடும் முகத்தில் கம்பியைப் பதித்து, அமுங்கும் முகத்தைக் கான்கிரீட்டுக்கு விடுவதுதான் இந்தக் கூட்டின் சாரம். இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த வில்லியம் வில்கின்சன் 1854இலேயே இதைத் தெரிந்து காப்புரிமை வாங்கினார். அவருடைய இரும்பு வடங்கள் நடுவில் அடிமுகத்திலும், தாங்கிகளுக்கு மேலே மேல்முகத்திலும் வளைந்து போயின. உலகம் அதிகம் கொண்டாடும் பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஜோசப் மோனியே, பூந்தொட்டிகளுக்கு 1867இல் காப்புரிமை பெற்றவர், கம்பி வலையைக் கனத்தின் நடுவில் வைத்தே பழகியிருந்தார். தொட்டிக்கு அது போதும். தளத்துக்கு, விசையே இல்லாத நடுநிலை அச்சில் கம்பியைப் புதைத்ததாகிவிடும். 1886இல் ஜெர்மானியர் மத்தியாஸ் கோனன், கம்பி இழுபடும் பக்கத்தில்தான் இருக்கவேண்டும் என்று கணக்கோடு எழுதினார். நவீன கான்கிரீட் கட்டுமானம் உண்மையில் அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன்.

அறையின் மேலே போகும் தளத்தில் கம்பி அடியில். சுவரிலிருந்து வெளியே நீட்டும் சன்ஷேடிலும் பால்கனியிலும் கம்பி மேலே. ஒரு முனை மட்டுமே பிடிபட்ட தளம் கீழ்நோக்கித் தொங்கும்போது இழுபடுவது அதன் மேல்முகம், அதுவும் சுவரோடு சேரும் வேரில்தான் மிகுதி. வரைபடத்தில் இது சரியாகவே இருக்கும். கான்கிரீட் போடும் நாளில்தான் எல்லாம் கெடுகிறது. சட்டி தூக்கி வருபவர்கள் மேல்கம்பியின் மீது நடக்கிறார்கள். அதைத் தூக்கிப் பிடிக்கவேண்டிய சேர் கம்பிகள் போதுமான அளவில் இல்லாவிட்டால் கம்பி கீழே இறங்கிவிடுகிறது. ஐந்து அங்குலத் தளத்தில், அடியிலிருந்து நூறு மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கவேண்டிய கம்பி இரண்டு அங்குலம் தாழ்ந்தால் வலிமை ஏறக்குறைய பாதியாகும். அடிமட்டம் வரை போய்விட்டால் அந்தக் கம்பி அமுங்கும் பக்கத்தில் சும்மா கிடக்கும்.

அப்படியானால் சென்டரிங் பிரித்த அன்றே விழுந்திருக்க வேண்டாமா, எத்தனையோ சன்ஷேடுகள் பல ஆண்டுகள் நிற்கின்றனவே என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கான பதிலில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நான்கு அடி நீட்டிய ஐந்து அங்குலப் பால்கனித் தளத்தைக் கம்பியே இல்லாததாக வைத்துக் கணக்கிடுவோம். தன் எடையால் மேல்முகத்தில் வரும் இழுவிசை, சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டனுக்கும் குறைவு. மேலே தரை ஓடும், சதுர மீட்டருக்கு 300 கிலோ வீதம் ஆட்களும் சேர்ந்தால் ஏறத்தாழ 2 நியூட்டன். கான்கிரீட் முறியும் எல்லையோ 3. அதாவது கம்பி தவறிய இடத்தில் கிடந்தாலும் தளம் நிற்கும், முட்டைப் பிரித்தாலும் நிற்கும், குடிபோனாலும் நிற்கும். உலரும்போது ஏற்படும் சுருக்கமும், வெயிலும் மழையும் மாறி மாறித் தரும் விரிவும் சுருக்கமும், விளிம்பில் பிற்பாடு கட்டிய கைப்பிடிச் சுவரும், திருவிழா பார்க்க ஒரே ஓரத்தில் சாய்ந்த கூட்டமும் அந்த மிச்சம் ஒரு நியூட்டனைத் தின்றுவிட்டால், அடுத்து தாங்கிப் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. முன்னறிவிப்பும் இல்லை. இத்தனை நாள் நின்றது என்பது கம்பி சரியான இடத்தில் இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது.

முட்டுகளைப் பிரிக்கும் வரிசையிலும் இதே கேள்வி இருக்கிறது. இருபுறமும் தாங்கிய பீமுக்கு நடு முட்டை முதலில் எடுத்து, ஓரங்களை நோக்கிப் போகவேண்டும். நீட்டிய தளத்துக்கு வெளிவிளிம்பில் தொடங்கிச் சுவரை நோக்கி வரவேண்டும். ஓர முட்டுகளை முதலில் பிடுங்கி நடு முட்டை மட்டும் விட்டுவைத்தால், அந்த நேரத்தில் பீம் நடுவில் ஊன்றி வளையப் பார்க்கிறது. அங்கே மேல்முகத்தில் பேருக்கு இரண்டு கம்பிதான் இருக்கும். தொய்ந்த பீமின் நடுவில் பிற்பாடு ஒரு தூணை எழுப்பிவிட்டால் கவலை தீரும் என்ற எண்ணமும் இதே வகைதான். பலாக் கட்டையில் மாட்டிய ஆப்பு மாதிரி இறுக்கி வைக்காமல் சும்மா தூணைக் கட்டினால், ஏற்கெனவே பீம் சுமந்துகொண்டிருக்கும் எடையில் ஒரு கிலோவைக்கூட அது வாங்காது. இனி ஏறும் சுமையில் மட்டுமே பங்கு கேட்கும். ஜாக்கி வைத்து பீமின் நடுவைத் தொய்வுக்கு முந்தைய மட்டத்துக்கு ஏற்றித் தூணில் உட்காரவைத்தாலோ, தூணுக்கு மேலே பீமின் மேல்முகம் இழுபடத் தொடங்குகிறது. முன்பு அடிமுகத்தில் இருந்த வளைக்கும் வலுவில் கால் பங்குதான் அது. ஆனால் அந்தக் கால் பங்கைத் தாங்க மேலே கம்பி இருக்கிறதா என்று பார்த்த பிறகே தூணைப் பற்றி யோசிக்கவேண்டும். தூணின் அடியில் மண் இறங்காது என்ற உறுதியும் வேண்டும்.

இதற்குப் பலர் சொல்லும் எளிய தீர்வு, இரண்டு முகத்திலும் தாராளமாகக் கம்பி போட்டுவிடலாமே என்பது. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. நிலநடுக்கத்தில் வளைவின் திசை நொடிக்கு நொடி மாறுவதால், அதற்கான இந்தியத் தரநூல் பீமின் நீளம் முழுக்க மேலும் கீழும் கம்பி கேட்கிறது. ஆனால் இழுபடும் முகத்தில் அளவுக்கு மேல் கம்பியைத் திணிப்பது வேறொரு கேட்டைக் கொண்டுவரும். கம்பி அளவாக இருந்தால், மிகைச்சுமையில் முதலில் நீள்வது கம்பி. பீம் தொங்கும், விரிசல்கள் அகலும், ஆட்கள் வெளியேற அவகாசம் கிடைக்கும். கம்பி மிகுந்தால் அது நீளவே நீளாது. அதற்கு முன் மேல்முகத்துக் கான்கிரீட் நொறுங்கிவிடும், ஒரே நொடியில். தொய்வை அவமானமாக நினைக்கிறோம். நல்ல பீம் பேசும் ஒரே மொழி அதுதான். விலை கூடிய கம்பி வாங்கினால் தொய்வு குறையும் என்பதும் சரியில்லை. 415 கிரேடு, 500 கிரேடு இரண்டும் மீளமுடியாமல் நீளத் தொடங்கும் எல்லையில் வேறுபடுகின்றன. ஒரே விசைக்கு அவை நீளும் அளவு ஒன்றே. உயர்ந்த கிரேடு என்று கம்பியின் அளவைக் குறைத்தால் பீம் உண்மையில் சற்றுக் கூடுதலாகவே தொய்யும். தொய்வை அடக்குவது ஆழம்தான். ஆழத்தை மாற்றாமல் இடைவெளியை இரட்டித்தால், மீட்டருக்கு அதே சுமை இருந்தும் தொய்வு பதினாறு மடங்காகும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456, இரு முனை தாங்கிய பீமுக்கு நீளத்தில் இருபதில் ஒரு பங்கும், நீட்டிய பீமுக்கு ஏழில் ஒரு பங்கும் ஆழம் என்ற அடிப்படையில் தொடங்கச் சொல்வது இதனால்தான். அறைக்கு நடுவே தொங்கும் பீம் கண்ணை உறுத்துகிறது என்று ஆழத்தைக் குறைக்கச் சொல்லும் வீட்டுக்காரர், எதைக் குறைக்கிறார் என்பதை யாராவது உட்கார்ந்து விளக்கவேண்டும்.

விரிசலைப் பற்றியும் ஒரு சொல். பீமின் அடிமுகத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தாலே பதறுகிறவர்கள் உண்டு. அடிமுகத்துக் கான்கிரீட் விரிந்த பிறகுதான் அங்குள்ள கம்பி முழு வேலையைத் தொடங்குகிறது. தரநூலே பொதுவாக 0.3 மில்லிமீட்டர் அகலம் வரை இதை ஏற்கிறது. கவலைப்படவேண்டியவை வேறு: கம்பியின் நீளவாக்கிலேயே ஓடும் துருக்கறை படிந்த விரிசல், நீட்டிய தளத்தின் மேல்முகத்தில் சுவரை ஒட்டி ஓடும் விரிசல், பீமின் ஓரங்களில் தூணருகே தொடங்கி நடுவை நோக்கிச் சாய்வாக ஏறும் விரிசல். கடைசியில் சொன்னது வெட்டு விசையால் வருவது, வளைவால் அல்ல என்று பொறியாளர் திருத்தலாம். ஆனால் கான்கிரீட் அங்கேயும் இழுபட்டே விரிகிறது, சாய்ந்த திசையில். கம்பி கட்டுபவர்கள் ஓரங்களில் ரிங்குகளை நெருக்கிக் கட்டுவது அந்தச் சாய்ந்த இழுவிசைக்குக் குறுக்கே நிற்கத்தான்.

இழுபடும் முகம் தெரிந்தால் பழுது பார்ப்பதும் எவ்வளவு சிறிய வேலையாகிவிடும் என்பதற்கு சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் அருகே உள்ள இபாக் பாலம் சான்று. சிக்னல் விளக்கு பொருத்தத் துளையிட்டபோது, உள்ளே இறுக்கி வைத்திருந்த எஃகு வடத்தின் இழைகள் வெட்டுப்பட்டுப் போயின. 1991இல் அதைச் சரிசெய்ய எஃகுத் தகடு ஒட்டினால் 175 கிலோ தேவைப்பட்டிருக்கும். அதற்குப் பதிலாக, கார்பன் இழைப் பட்டைகளைப் பாலத்தின் அடிமுகத்தில் பிசினால் ஒட்டினார்கள். பட்டைகளின் மொத்த எடை 6.2 கிலோ. இன்று வலுவிழந்த பீம்களுக்கு நம் ஊர்களிலும் அந்தப் பட்டைகளை ஒட்டுகிறார்கள். அறைத் தளத்துக்கு அடியில், பால்கனிக்கு மேலே.